செம்பின் வடிவமும் அதைத் தொடக்கூடிய கைகளும்

இந்திய அரசின் அழைப்பை ஏற்று இந்நாட்டில் பயணம் செய்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாதில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அதுவே வித்திட்டது. தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் அவர்கள் தலையாயதாகக் கருதியது லோட்டாவை. தமிழர் வழக்கில் அது செம்பு.

ஒரு செம்பை இன்று புதிதாக வடிவமைப்பதாயின் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் நீண்ட பட்டியல் இட்டனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையிலா இடுப்பிலா கையிலா சுமப்பது, வெறுமையாகவும் நிறைந்தும் இருக்கையில் அதன் எடைமையம் எங்கு நிற்கும், சாய்க்கும்போது நீர் எவ்வாறு விழும், தட்டினால் எவ்வாறு ஒலிக்கும், பழையதானால் என்ன விலை பெறும் என விரியும் அப்பட்டியல், கைவினைப் பொருள் ஒன்றைக் கூர்ந்து நோக்குவதற்கு இன்றும் நல்ல பாடம். இதனைத் தனியொருவர் படைக்கவில்லை. பெயரறியாப் பலர் தலைமுறைதோறும் கூட்டியும் குறைத்தும் அமைத்தனர் என்பது அவர்தம் முடிபு.

வடிவத்தின் தொன்மை பற்றி அவர்கள் கூறியது மிகையன்று. இமயமலைப் பகுதியின் குந்தலாவில் 1857இல் மண்ணுக்குள் புதைந்த பௌத்தத் துறவியர் அறையொன்றிலிருந்து ஓர் உலோகச் செம்பு வெளிப்பட்டது. தேரும் யானையும் குதிரை வீரரும் பொறித்த அக்கலம் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, விரிந்த விளிம்பு: இன்றைய சமையலறையில் வைத்தாலும் எவரும் அதனை இனங்காண்பர்.

தமிழ்ச் சொல்லும் இதற்குச் சான்று. செம்பு முதலில் உலோகத்தின் பெயர். பின்னர் அவ்வுலோகத்தால் ஆன கலத்துக்கு ஆயிற்று. பின்பு உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை. ‘பித்தளைச் செம்பு’, ‘எவர்சில்வர் செம்பு’ என்பவற்றை முரணென்று எவரும் உணர்வதில்லை. (‘ஸ்டீல் கிளாஸ்’ என்பதும் இவ்வகையே.) சொல் பற்றிநிற்பது வடிவத்தை, பொருண்மையை அன்று.

ஆயினும் அப்பட்டியலில் ஒரு வினா இல்லை: இதனை யார் தொடலாம்? புளியும் சாம்பலும் கொண்டு கிராமப் பெண்கள் நாள்தோறும் பித்தளையைப் பொன்னாக்குவதை ஈம்ஸ் இணையர் அழகின் செயலாகக் கண்டனர். மனுஸ்மிருதியின் ஐந்தாம் இயல் அதே பொருள்களை வேறு நோக்கில் குறிக்கிறது. செம்பும் பித்தளையும் சாம்பல், புளிப்பு, நீர் ஆகியவற்றால் தூய்மையாகும். மண்கலத்தையோ மீண்டும் சுடவேண்டும். உலோகக் கலம் உயர்வு பெற்றதற்கு உறுதி மட்டும் காரணமன்று. ‘தீட்டை’த் துலக்கிப் போக்கலாம் என்ற நம்பிக்கையும் காரணம். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கவும், கலத்தைத் தொட உரிமை மறுக்கப்பட்டோரின் ஏந்திய கைகளில் மேலிருந்து ஊற்றவும் அவ்விளிம்பு நன்கு பயன்பட்டது. சாய்க்கும்போது நீர் எவ்வாறு விழும் என்ற வினாவுக்கு இந்தியச் சமூகம் வைத்திருந்த விடைகளுள் இதுவும் ஒன்று. 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் அம்பேத்கர் நீரைத் தம் கைகளால் அள்ளிக் குடித்தார். அங்கே ஊற்றுவோர் எவரும் இல்லை.

‘பெயரறியாப் பலர்’ என்பதும் பாதி உண்மையே. தனியாள் பெயர் மறைந்தது. சாதிப் பெயர் மறையவில்லை. வடக்கே தட்டேரா, கசேரா, தமிழகத்தில் கன்னார். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் வாழும் தட்டேராக்களின் பாத்திரத் தொழிலை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்குத் தொழிலின் பெயரும் அதைச் செய்வோரின் பெயரும் ஒன்றே. உலோகத் தகட்டைச் சிறு விறகடுப்பில் கைத்துருத்தியால் ஊதிக் காய்ச்சி, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவைக் கொணர்கின்றனர். இறுதியில் மணலும் புளிச்சாறும் இட்டுத் தேய்த்து மெருகேற்றுவதும் அவர்களே.