அடிப்பதா, பேசுவதா?



மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், பகை நாடு அணுகுண்டு செய்யப் பார்த்தால், முடிப்பதற்குள் அடித்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்?" வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1981 ஜூன் 7-இல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் விமானங்கள் அழித்தன. அந்த உலையைக் கட்டிக்கொடுத்தது, நம் காரைக்காலை ஆண்ட அதே பிரான்ஸ். உலை போனது, ஆசை போகவில்லை. சதாம் உசேன் ரகசியமாக வேலையைத் தொடர்ந்தார். 1991 போருக்குப் பிறகு சர்வதேச ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது.

அதே எண்பதுகளில் பாகிஸ்தானின் கஹூட்டாவைத் தாக்கலாமா என்ற பேச்சு இங்கும் அடிபட்டது. நாம் தாக்கவில்லை. பதிலுக்கு டிராம்பே தாக்கப்பட்டால் மும்பை என்னவாகும்? 1988 டிசம்பர் 31-இல், ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தமானது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-இல் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறுகிறார்கள். கார்கில் போர்கூட அதை நிறுத்தவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஒப்பந்தம் பாகிஸ்தானின் குண்டைத் தடுக்கவில்லை. 1998 மே மாதம் நாம் பொக்ரானில் வெடித்தோம், அவர்கள் சாகாயில் வெடித்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1954 அக்டோபர் 18-இல் கிழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-இல் காரைக்கால் கைமாறியது. இந்திய ராணுவம் படையெடுக்கவில்லை. ஆனால் வெறும் பேச்சால் வந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே மக்கள் போராடினார்கள், எல்லையில் இந்தியா சுங்கக் கெடுபிடியை இறுக்கியது, பிரான்ஸ் அந்த ஆண்டு மே மாதம்தான் தியன் பியன் பூவில் தோற்றிருந்தது. கோவாவில் சலாசார் இறங்கி வரவே இல்லை. 14 ஆண்டுகள் பொறுத்து, 1961 டிசம்பரில் ராணுவம் போனது. இரண்டே நாளில் முடிந்தது.

கோவாவைக் காட்டி அணு நாட்டையும் அடிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தைப் படையால் மீட்கலாம். விஞ்ஞானிகளின் தலையில் ஏறிய அறிவைக் குண்டு போட்டு இறக்க முடியாது. அடித்தால் சில ஆண்டுகள் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் யாரோடு, எதைப் பேசப்போகிறோம் என்று தெரியாமல் அடித்தால், அடி வீண். நெருக்கடி இல்லாத பேச்சும் அப்படித்தான்.

மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள். வகுப்பில் சொன்னதுதான்: காரணத்தோடு எழுதுங்கள்.