கடலடி வெள்ளியும் நயினாதீவுக் கல்லும்: புதையலுக்கு உரியவர் யார்?

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கும் யால காட்டுக்கும் அப்பால், நடுக்கடலில் ஒரு பாறைத்தொடர் இருக்கிறது. வரைபடங்களில் அதன் பெயர் கிரேட் பாசஸ். சிங்களத்தில் அதை மகா ராவணா கோட்டுவ, அதாவது பெரிய இராவணன் கோட்டை, என்பார்கள். 1873இல் பிரித்தானியர் அந்தப் பாறையின் மேலேயே கருங்கல்லால் ஒரு வெளிச்சவீட்டைக் கட்டி முடித்தார்கள். அதற்கு முன்பு இருட்டில் அந்தப் பக்கம் வந்த கப்பல்களுக்கு எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை. அலை உடைகிற சத்தம் கேட்கும்போது திரும்புவதற்கு நேரம் போயிருக்கும்.

1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற பிரித்தானியச் சுழியோடி, பதின்ம வயது அமெரிக்கச் சிறுவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அங்கே கடலடியில் படம் எடுக்கச் சென்றார். அந்தக் கடலில் எந்த மாதமும் இறங்கிவிட முடியாது. வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன்னர் வரும் சில வாரங்களே அமைதியானவை. அந்த அமைதியில்தான் பித்தளையில் வார்த்த சிறிய பீரங்கி ஒன்று அவர்களின் கண்ணில் பட்டது. சுற்றிப் பார்த்தபோது பாறை இடுக்குகளில் வெள்ளி நாணயங்கள் சிதறிக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் தேடியபோது, கல் என்று நினைத்துக் கடந்துபோகக்கூடிய கறுத்த கட்டிகள் தென்பட்டன. அவை கல் அல்ல, ஒன்றோடொன்று இறுகிப்போன நாணயக் குவியல்கள். நாணயங்களைக் கட்டி வைத்திருந்த பை மக்கிப் போய்விட்டது. பையின் வடிவம் மட்டும் வெள்ளியில் நின்றுவிட்டது.

வில்சனின் நண்பரும் தொழிற் பங்காளியுமாக இருந்தவர், 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். கண்டுபிடிப்பை அவர்கள் இரண்டு வருடங்கள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே அந்த இடம் சூறையாடப்படும் என்ற பயம். இந்த இரண்டு வருட மௌனத்துக்குள் வில்சன் செய்த வேலை வேடிக்கையானது. 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்ற படத்தை இயக்கினார். சிங்கள சினிமாவின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. கதை, புதையல் தேடுவதைப் பற்றியது. நாடே அந்தப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநரின் கையில் உண்மையான புதையலே இருந்தது.

1963இல் மறுபடி சென்றார்கள். இம்முறை இலங்கையின் மூத்த சுழியோடி ரொட்னி ஜொங்க்லாஸும், கடலடித் தொல்லியலின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் பீற்றர் த்ரொக்மோர்ட்டனும் உடன் இருந்தார்கள். த்ரொக்மோர்ட்டன் வந்தது முக்கியம். எது எங்கே கிடக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் அவர். பீரங்கியும் நங்கூரமும் கிடக்கும் நிலையை வைத்துத்தான் கப்பல் எப்படி மோதியது, எந்தப் பக்கம் உடைந்தது என்று சொல்ல முடியும். கிளார்க் இந்தக் கதையை 1964இல் நூலாக எழுதினார். நாணயக் கட்டிகளில் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது.

அந்த நாணயங்கள் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள். அடிக்கப்பட்ட இடம் குஜராத்தின் சூரத் நாணயச்சாலை. பொறிக்கப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 1113. நமது கணக்கில் 1701 ஜூன் தொடக்கம் 1702 மே வரையான காலம். இந்த ஓர் ஆண்டே பல விடயங்களைச் சொல்லிவிடுகிறது. சந்தையில் புழங்கிய காசை ஒரு வியாபாரி சேர்த்துக் கட்டியிருந்தால் அதில் பல ஆண்டுகளும் பல ஊர்களும் கலந்திருக்கும். ஒரே ஊர், ஒரே ஆண்டு என்றால் நாணயச்சாலையிலிருந்து நேராகப் பையில் கட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு ரூபாயின் எடை ஏறக்குறைய பதினொன்றரை கிராம். ஒரு கட்டியில் ஆயிரம் நாணயங்கள் அளவில் இருந்தன. அப்படியானால் ஒரு பை பதினொரு கிலோவுக்கு மேல் கனத்திருக்கும். அக்காலச் சூரத்துக்கு வந்த வெள்ளியில் கணிசமான பங்கு தென், மத்திய அமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டியது. அங்கிருந்து ஐரோப்பா, அரபுக் கடல் வழியாக வந்து, சூரத்தில் உருகி, பாரசீக எழுத்துப் பொறித்த ரூபாயாகி, கடைசியில் இராவணன் கோட்டையில் வந்து விழுந்திருக்கிறது.

கட்டியின் வெளிப்புறத்து நாணயங்கள் அரித்துக் கறுத்துப் போயிருந்தன. உள்ளே இருந்தவையோ புதுக்காசு போல இருந்தன. வெளியே இருந்தவை உப்புநீரில் தம்மைக் கரைத்து, உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றியிருந்தன.

வில்சனின் பெயரை வேறொரு காரணத்துக்காகவும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1956இல் திருகோணமலை சுவாமி மலையடியில் அவரும் கிளார்க்கும் சுழியோடியபோது, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டார்கள். பிற்காலத்தில் வில்சன் படத்தொழிலை விட்டுத் துறவியானார். சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் வாழ்ந்து 1995இல் மறைந்தார். கோணேசர் கற்களைப் பார்த்த கண்தான் வெள்ளியையும் கண்டது என்று பக்தர்கள் சொல்லக்கூடும். பாறைக் கடலில் பழகிய சுழியோடிக்கு, இயற்கை செய்யாத வடிவம் எது என்று உடனே தெரியும் என்பது என் விளக்கம்.

கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இன்று இதே வேலைக்குப் போகிறவர்கள் மெட்டல் டிடெக்டருடன் போகிறார்கள். வடக்கு, கிழக்கில் இந்தக் கருவியைத் தெரியாதவர் இல்லை. சோதனைச்சாவடியில் நம் உடம்பின் மேல் ஓடியதும், மிதிவெடி அகற்றுபவர்கள் மண்ணின் மேல் அசைப்பதும் இதுதான். சுருளில் மின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் அருகில் உள்ள உலோகத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்பும். அதன் எதிரொலியைக் கருவி கேட்டு ஒலியெழுப்புகிறது.

கடலில் சிக்கல் என்னவென்றால், உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரணக் கருவிக்குக் கடலே ஒரு பெரிய உலோகம் போலத் தெரியும். அதனால் கடலுக்கென்று துடிப்பு முறையில் இயங்கும் கருவிகள் செய்தார்கள். மின்சாரத்தை ஒரு நொடிக்குள் பலமுறை கொடுத்துச் சட்டென்று நிறுத்திவிட்டு, மிச்ச எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் முறை அது. நீரின் எதிரொலி உடனே அடங்கிவிடும், உலோகத்தினது சற்று நிற்கும். உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி என்பதால், வெள்ளிக் குவியல் நல்ல குரல் கொடுக்கும். ஆனாலும் தனி நாணயம் ஒன்று ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் கேட்காது. படகிலிருந்து இழுத்துச் செல்லும் காந்தமானி இன்னும் தூரத்திலிருந்து கப்பலைக் காட்டும், ஆனால் அது இரும்பை மட்டுமே அறியும். ஆகவே வெள்ளி தேடுகிறவரும் முதலில் இரும்புப் பீரங்கியையும் நங்கூரத்தையும்தான் தேடவேண்டும்.

கருவி சொல்லாதது இன்னொன்று உண்டு. கீழே கிடப்பது ரூபாயா, எறிகணையா என்று அதற்குத் தெரியாது. இறுதி யுத்தம் நடந்த களப்புகளிலும் கரைகளிலும் வெடிக்காத பொருட்கள் இன்னும் அகப்படுகின்றன. அங்கே ஒலி கேட்ட இடத்தைக் கையால் கிளறுவது உயிரோடு விளையாடுவது. இணையத்தில் வெளிநாட்டவர் ஏரியில் இறங்கிக் காசு எடுக்கும் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

உரியவரின் பங்கு

கடலில் உடைந்த கப்பலின் பொருள் யாருக்குச் சேரும்? இந்தக் கேள்விக்கு இந்தத் தீவில் கல்லில் வெட்டிய பழைய பதில் ஒன்று தமிழில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. வெட்டுவித்தவன் முதலாம் பராக்கிரமபாகு. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட மன்னன், ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் வணிகர்களுக்கு விளங்கவேண்டும் என்பதால் தமிழில் ஆணையிட்டான். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது அந்தக் கல். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

அரசன் தன் பங்கை மறக்கவில்லை என்று சிரிக்கலாம். அதேவேளை, கப்பல் மூழ்கிவிட்டது என்பதற்காக உடையவன் இல்லாமல் போய்விடுவதில்லை என்பதை அந்தக் கல் ஏற்றுக்கொள்கிறது. அவனுக்கு அதில் முதல் வரியிலேயே இடமில்லாவிட்டாலும், குறைந்தது பாதிச் சரக்கு உண்டு.

இன்றைய சட்டம் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன்படி இதுவரை கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அனைத்தும் அரசின் சொத்து. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கருவியோடு அகப்பட்டுக் கைதாகிறவர்களைப் பற்றி அடிக்கடி செய்திகளில் படிக்கிறோம். தொல்பொருள் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு திகதியை வைத்திருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன நாள் அது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இலேயே வீழ்ந்துவிட்டது. பழமை எங்கே முடிகிறது என்று தீர்மானித்தவர்கள் எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்பதை இந்தத் திகதி காட்டிக்கொடுக்கிறது.

பழைய நாணயம் அரசுக்கு என்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. சூரத் வணிகனின் வாரிசைத் தேட முடியாது, தனியார் கைக்குப் போனால் உருக்கிவிடுவார்கள். என் கவலை, ‘புதையல்’ என்ற சொல் பழையதையும் நேற்றையதையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பதில்தான். முல்லைத்தீவில் ‘புலிகளின் தங்கம்’ தேடி நீதிமன்ற அனுமதியுடன் பலமுறை பெக்கோ இயந்திரத்தால் தோண்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் குழியும் தண்ணீருமே மிஞ்சின. அந்த மண்ணில் நகை இல்லை என்பதல்ல. 2008, 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து ஓடியவர்கள் தாலிக்கொடியையும் காப்பையும் பித்தளைப் பாத்திரத்தையும் வீட்டுக் காணியிலேயே புதைத்துவிட்டு ஓடினார்கள். தமிழீழ வைப்பகத்தில் நகையை அடகு வைத்தவர்கள் பற்றுச்சீட்டையும் இழந்தார்கள். இவை 1815க்கு முந்தியவை அல்ல, ஆகவே தொல்பொருள் அல்ல. யுத்த முடிவில் கைப்பற்றிய தங்க, வெள்ளிப் பொருட்களில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. அந்த நகைகளுக்கு உடையவர்கள் உண்டு, பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பராக்கிரமபாகு காலத்துக் கணக்கில் பார்த்தாலும் அவர்களுக்குப் பாதி சேரவேண்டும்.

வலையில் வந்தால்

வடக்குக் கடல் வெறும் கடல் அல்ல. மாந்தை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று நூற்றாண்டுக் கணக்கில் கப்பல் வந்துபோன பாதை. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டியில் சோங் காலச் சீனப் பீங்கான்கள் கரையிலேயே கிடைத்திருக்கின்றன. ஆனால் காலியில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொண்ட்ஸ்ரரைப் போல முறையாக அகழ்ந்த கப்பல் ஒன்றை வடக்கில் சொல்ல முடியவில்லை. முப்பது வருட யுத்தத்தில் இங்கே கடலில் இறங்கியவர்கள் வேறு காரணங்களுக்காக இறங்கினார்கள். காலியிலும் எல்லாம் தப்பவில்லை. 2004 சுனாமி அங்கிருந்த கடல்சார் தொல்லியல் பிரிவின் ஆய்வுகூடத்தையே அடித்துக்கொண்டு போனது.

பெரிய கண்டுபிடிப்புக்குப் பெரிய கருவி தேவையில்லை என்பதற்கு தெற்கிலேயே இன்னொரு சான்று உண்டு. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயவில் 2003இல் சங்கு குளிக்கப் போன மீனவர்கள் இருவர், குறிகள் வெட்டிய ஒரு கல்லைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தார்கள். அது தொல்லியலாளர் கண்ணுக்கு எட்டியதால், 30 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழமையுள்ள கப்பல் ஒன்று தெரியவந்தது. இந்து சமுத்திரத்தில் அறியப்பட்ட மிகப் பழைய உடைகப்பல் அதுதான். மண்டைதீவிலோ சிலாவத்துறையிலோ சங்கும் அட்டையும் எடுக்கிறவர்களின் கண்ணும் அதே கண்தான்.

அப்படி ஏதாவது அகப்பட்டால் வீட்டில் செய்யக்கூடாத முதல் வேலை, புளி போட்டுத் துலக்குவது. குத்துவிளக்குக்கு நல்ல வைத்தியம், முந்நூறு வருடம் உப்பில் கிடந்த வெள்ளிக்கு நஞ்சு. எழுத்திருக்கும் மேற்பரப்பே கழன்று வந்துவிடும். ஒட்டியிருப்பவற்றைக் கத்தியால் பிரிக்கவும் கூடாது. காயவிட்டால் உப்பு உள்ளே பளிங்காகி வெடிப்பு விழும், ஆகவே ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைக்கவேண்டும். எடுத்த இடத்தை ஜிபிஎஸ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்துக் குறித்துக்கொள்ளவேண்டும். வலை போடும் இடத்தை அப்படித்தானே நினைவில் வைக்கிறோம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பது சட்டக் கடமை. அதோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிலும் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் பொருளை ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கையளித்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.