வால்வுகளும் வெப்பமும்: ஒரு சிறு வரலாறு

'வால்வு ரேடியோ' என்று நாம் சொல்லிப் பழகிய பெட்டிக்குள் ஒரு முரண் குடியிருந்தது. வெப்பம் இல்லையேல் வெற்றிடக் குழாய் உயிர் பெறாது. வெப்பம் மிகுந்தாலோ அதுவே அதன் ஆயுளைக் குடித்துவிடும். இந்த இழுபறியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இருமுனைக் குழாயை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். மெல்லிய ஒலியைப் பெருக்க வழி பிறந்தது. குழாயின் நடுவிலுள்ள எதிர்முனை கனன்றால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அவை மோதுவதால் நேர்முனைத் தகடும் சூடேறும். உள்ளே காற்று இல்லை. எனவே தகட்டின் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெளியேற வேண்டும். கரிய பரப்பு வெப்பத்தை எளிதில் வீசும் என்பதனாலேயே பல குழாய்களில் தகடுகளுக்குக் கரிப்பூச்சு இட்டனர்.

வானொலி நிலையங்களின் பெருங்குழாய்களுக்கு இது போதவில்லை. செம்பையும் கண்ணாடியையும் விரிசலின்றி இணைக்கும் முறையை ஹவுஸ்கீப்பர் என்பார் கண்டறிந்தார். அதன்பின், 1920களில், செம்புத் தகடே குழாயின் வெளிச்சுவராயிற்று. அதைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டனர்.

வீட்டு ஒலிபெருக்கிக்கோ காற்று ஒன்றே துணை. 1959இல் அமெரிக்காவின் டைனகோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீரியோ 70' கருவியில் நான்கு ஈ.எல்.34 குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றின் சூடாக்கும் இழைக்கு மட்டும் ஏறத்தாழ 9.5 வாட் தேவை. தகடு 25 வாட் வரை தாங்கும். நாம் வீட்டில் கேட்கும் அளவில், இசையாவதைவிட வெப்பமாகக் கழிவதே மிகுதி. அதனால்தான் அதன் மூடி முழுதும் துளைகள். சூடான காற்று மேலேற, குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும்.

இன்று இக்கருவிகளைப் போற்றுவோர் சிலர், தூசுக்கு அஞ்சி அவற்றைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைத்துவிடுகின்றனர். அங்கே காற்றோட்டம் நின்றுபோகிறது. மிகையாகச் சூடேறிய உறுப்புகளிலிருந்து வாயு கசியும். அதை உறிஞ்சவே குழாயின் உச்சியிலோ பக்கத்திலோ பேரியத்தின் வெள்ளிப் பூச்சு இருக்கிறது; ஆனால் அதன் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அருகிலுள்ள மின்தேக்கிகளோ, 10 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும்.

அக்காலத்துக் குழாய்களைச் செய்த ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. வீணாய்க் கருகும் ஒவ்வொரு பழங்குழாயும் ஈடற்ற இழப்பே. மேலே ஒரு சாண் இடைவெளி, கீழே காற்று நுழைய வழி, வேண்டுமாயின் மெல்லச் சுழலும் ஒரு சிறு விசிறி: முன்னோர் படைத்த இசைக்கருவிக்கு நாம் செய்யத்தக்க காப்பு இவ்வளவே.