என் இனிய இயந்திரா (தொலைக்காட்சித் தொடர்)

சுஜாதாவின் (1935–2008) அறிவியல் புனைவைத் தழுவி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பிய தொடர். மூலக்கதை 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’.

கதைக்களம் ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியா. பெயர்கள் சுருக்கப்பட்டுவிட்டன, பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமல் போக, நிலா அவனைத் தேடுகிறாள். அவள் வீட்டுக்குக் குடிவரும் ரவியோடு வருகிறது ஜீனோ என்ற இயந்திர நாய். நாடே அஞ்சி வணங்கும் ஜீவா வெறும் ஒளிப்படிமம், ஆள் என்று எவருமே இல்லை எனத் தெரியவரும் கட்டமே கதையின் உச்சம். முடிவு தெரிந்து மறுபடி அணுகும்போது அதன் அரசியல் இன்னும் கூர்மையாகப் படுகிறது: இல்லாத தலைவனின் பேரால் ஆள்பவர்கள் யார் என்ற கேள்வியே அங்கு முதன்மை. ஆயினும் நெஞ்சில் நிற்பது ஜீனோதான். புத்தகம் படித்துத் தானாகச் சிந்திக்கக் கற்கும் அந்த நாய், தமிழ்ப் புனைவு படைத்த மிக அன்பான இயந்திரம்.

தொடர் ஒளிபரப்பான நாட்களில், பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டி போன்ற சமவெளி ஊர்களில் தூர்தர்ஷன் பார்க்க ஆன்டெனாவைத் தெற்கே, கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. ஒருவர் கூரையேறிக் குழாயைத் திருக, இன்னொருவர் வாசலில் நின்று “தெரியுது, விடு” என்று குரல் கொடுப்பார். கேபிள் பரவாத காலத்தில், ஆங்கிலம் அறியாத வீடுகளுக்கும் அறிவியல் புனைவைத் தமிழிலேயே கொண்டுசேர்த்தது இத்தொடரின் பெரும்பேறு.