நீலகிரியின் குருதியும் நிலைக்காத ஒரு வரலாறும்

1952ஆம் ஆண்டு ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'சிக்கிள் செல்' எனப்படும் அரிவாளணுப் பண்பு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படுவதை அது அறிவித்தது. ஆப்பிரிக்க மரபினர்க்கு உரியதென்றே அதுவரை பெரிதும் கருதப்பட்ட பண்பு அது.

கண்டுபிடிப்பு மெய்யானது, அதன்மேல் எழுப்பிய வரலாறே நிலைக்கவில்லை. அக்கால மானிடவியல் வகுத்த 'வேடர் இனக்கூறு' என்பதன் அடையாளமாக லேமன் இப்பண்பைக் கண்டார். அம்மரபினர் வழியே இது ஆப்பிரிக்காவை அடைந்திருக்கலாம் என்றும் வாதிட்டார். ஆனால் அவ்வினக்கூற்றுக்குப் பெயர் தந்த இலங்கை வேடரைச் சோதித்தபோது அரிவாளணுப் பண்பு தென்படவில்லை. ஹீமோகுளோபின் ஈ என்னும் வேறொரு வகையே கிடைத்தது.

1954இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளின் வழி வேறு விளக்கம் அளித்தார். இம்மரபணுவைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்க்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்றவரையே நோய் வருத்துகிறது. ஆகவே ஒரு மக்கட்குழுவில் காணும் விகிதம் அதன் 'இனத்தை' உரைப்பதில்லை. அக்குழு வாழ்ந்த நிலத்தின் மலேரியாவையும், சிறிய குழுக்குள் நிகழ்ந்த அகமணத்தையுமே உரைக்கிறது.

இப்பழங்கதை இன்றும் தேவைப்படுகிறது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், கர்நாடகமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்க முனைந்தது. பழங்குடியினரிடையே 86 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அரசு மதிப்பீடு எங்கும் மேற்கோளாகிறது. அது நூற்றுக்கணக்கான சமூகங்களின் சராசரி. பெங்களூருவிலிருந்து ஒரு பகற்பயணத் தொலைவில் வாழும் சோலிகர், ஜேனு குறுபர், இருளர் ஆகியோர் எவரையும் அவ்வெண் தனியே விவரிப்பதில்லை. மேலும், நடு இந்தியாவிலும் ஒடிசாவிலும் பழங்குடியல்லாத சமூகங்களிடமும் இந்நோய் உண்டு. 'பழங்குடி நோய்' என்னும் பெயர் அவர்களைச் சோதனையிலிருந்தே மறைத்துவிடும்.

ஆகவே, நண்பர்களே, ஒரு விகிதத்தைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம். சோதிக்கப்பட்டோர் மருத்துவமனைக்கு வந்தவரா, ஊர் முழுவதுமா? எண்ணப்பட்டது பண்பா, நோயா? அந்த எண் மருந்தைக் கொண்டுசேர்க்கிறதா, அல்லது திருமணப் பேச்சில் ஒரு பெண்ணை விலக்கிவைக்கும் முத்திரையாகிறதா? முதலிரண்டு வினாக்கள் முறையியலைச் சார்ந்தவை. மூன்றாவது, நாம் யாருக்காக எண்ணுகிறோம் என்பதைப் பற்றியது.