எலும்புச் சாறும் சூப் கட்டியும்

மேற்கு ஐரோப்பியச் சமையலில், குறிப்பாகப் பிரெஞ்சுச் சமையலில், ஸ்டாக் எனப்படும் எலும்புச் சாறு தனியே பரிமாறும் உணவு அல்ல. மற்ற உணவுகள் எழும்பும் அடித்தளம். மாடு, கன்று, கோழி ஆகியவற்றின் எலும்பையும் சவ்வு ஒட்டிய துண்டு இறைச்சியையும் வெங்காயம், கேரட், செலரித் தண்டோடு சேர்த்து, தளதளவெனக் கொதிக்க விடாமல் சிறு தீயில் நெடுநேரம் வைத்து வடித்தால் அது கிடைக்கும். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, சூப்புக்கும் சாஸுக்கும் அது அப்படி. கோழி எலும்புக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். மாட்டெலும்புக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

அந்த நேரத்தில் பாத்திரத்துக்குள் நடப்பவை இரண்டு. மூட்டிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிறது. சாறு ஆறியதும் உறைவதும், வாயில் வழவழப்பாக நிற்பதும் அதனால்தான். இன்னொரு பக்கம், தசையில் இருக்கும் அமினோ அமிலங்களும் தாது உப்புகளும் நீரில் இறங்கி ருசியைத் தருகின்றன. ஒன்று சாற்றின் உடம்பு, மற்றொன்று அதன் சுவை. வீட்டுச் சாற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கடைச் சாற்றின் வரலாறு இவை இரண்டும் படிப்படியாகப் பிரிந்துபோன வரலாறு.

பிரெஞ்சுச் சமையல் எழுத்தில் சாற்றுக்கு முதலிடம் 17ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. லா வரேன் 1651இல் வெளியிட்ட சமையல் நூல், மற்றப் பாத்திரங்களுக்கெல்லாம் ஊற்றுவதற்கான சாற்றை எப்படிக் காய்ச்சுவது என்பதோடுதான் தொடங்குகிறது. பிரபுக்களின் மடைப்பள்ளியில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். எளிய வீடுகளில் இறைச்சியும் காயும் ஒரே பானையில் வெந்தன. பானையில் இருந்த சாறு முதலில் சூப்பாகவும், இறைச்சி பிறகு தனியாகவும் மேசைக்கு வந்தன. குளிர் நாட்டில் வீட்டுக்குக் கதகதப்பு தருவதும் அடுப்புதான். எப்படியும் எரிகிற தீயின் ஓரத்தில் ஒரு பானையை வைப்பதற்குத் தனியாக விறகுச் செலவு இல்லை. வீட்டில் சாறு காய்ச்சும் வழக்கம் பிற்காலத்தில் தளர்ந்ததைப் பேசும்போது சோம்பலைக் குறைசொல்வார்கள். அடுப்பு மாறியதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேண்டும்போது மூட்டி, வேலை முடிந்ததும் அணைக்கும் எரிவாயு அடுப்பு வந்தபின் பத்து மணி நேரச் சாறு என்பது பத்து மணி நேர எரிபொருள் ஆயிற்று.

எலும்பிலிருந்து சத்தைப் பிழிந்தெடுக்கும் வேலையை விரைவாக்க முயன்றவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு அறிவியலாளர் தெனி பபேன். இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடக்கி, நீரின் கொதிநிலையை உயர்த்தும் கருவியை 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் இயக்கிக் காட்டினார். கடினமான மாட்டெலும்பு அதில் மெத்தென்று வெந்தது. இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அதுவே. அது பிறந்ததன் நோக்கமே எலும்புச் சாறுதான் என்பது பலர் அறியாதது.

சாற்றைக் கெடாமல் வைப்பது அடுத்த சிக்கல். அதற்கான வழியைத் தொழிற்சாலை கண்டுபிடிக்கவில்லை. வீட்டுச் சமையலறையே கண்டுபிடித்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாற்றைக் கொழுப்பு நீக்கி, பசையாகும்வரை வற்றவைத்து, சிறு வில்லைகளாக உறையவிட்டு, கம்பளித் துணியின்மேல் உலர்த்தி எடுத்துவைத்தார்கள். பயணத்தில் ஒரு துண்டை வெந்நீரில் போட்டால் சூப். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் இதன் செய்முறை இருக்கிறது. பசைபோல் இறுகிக் காய்ந்ததற்குக் காரணம் ஜெலட்டின். இந்த வில்லைகள் பின்னர் விற்பனைக்கும் வந்தன. ஆக, கடைக்கு வந்த முதல் சாறு உடம்பை முழுதாக வைத்துக்கொண்டிருந்த சாறு.

பிரிட்டிஷ் கடற்படை 1750களிலிருந்து இந்த வில்லைகளை நோயுற்ற மாலுமிகளுக்காக வாங்கத் தொடங்கியது. 1768இல் ஜேம்ஸ் குக் புறப்பட்ட என்டவர் கப்பலிலும் இவை ஏற்றப்பட்டன. ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. வைட்டமின் சி இல்லாத வில்லை அந்த நோயைத் தடுக்க வழியே இல்லை. ஆனால் பசிக்கு உதவியது. அமெரிக்காவில் மெரிவெதர் லூயிஸ் ஒரு குழுவோடு மேற்கே ஆய்வுப் பயணத்துக்கு ஆயத்தமானபோது, 1803இல் பிலடெல்பியாவில் 193 பவுண்டு உலர் சூப்பை 289.50 டாலருக்கு வாங்கினார். 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைகளைப் பனியில் கடந்தபோது வேட்டை கிடைக்காத அந்தக் குழுவினர் அதைத்தான் கரைத்துக் குடித்தார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் குடித்தார்கள். உயிரோடு மலையைக் கடந்தார்கள்.

ஜெலட்டினே முழு உணவு என்ற எண்ணம் பிரான்சில் இன்னும் தொலைவு சென்றது. எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பிரித்து, அதில் செய்த சூப்பை மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கான அன்னசாலைகளிலும் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். குடித்தவர்கள் முறையிட்டார்கள். உடலியலாளர் மஜாந்தி தலைமையில் அமைந்த குழு நாய்களை வைத்து ஆராய்ந்து, ஜெலட்டினை மட்டும் உண்டு உயிர் வாழ முடியாது என்று 1841இல் அறிவித்தது. உடம்பின் மதிப்பு சரிந்தது. ஆராய்ச்சியாளர்களின் கண் சுவையின் பக்கம் திரும்பியது.

ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1847இல் இறைச்சிச் சாறு பற்றிய ஆய்வை வெளியிட்டார். இறைச்சியின் சத்து நீரில் கரையும் பகுதியில் இருக்கிறது என்பது அவர் கருத்து. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, ஜெலட்டினும் கொழுப்பும் இல்லாமல் வற்றவைத்தால் பழுப்பு நிறக் களிம்பு கிடைக்கும். ஒரு கிலோ களிம்புக்குச் சுமார் 30 கிலோ மாட்டிறைச்சி தேவைப்பட்டது. ஐரோப்பிய இறைச்சி விலையில் இது கட்டுப்படியாகாது. தென் அமெரிக்காவிலோ மாடுகளைத் தோலுக்காக வெட்டி, இறைச்சியைப் பெரும்பாலும் வீணாக விட்டார்கள். இதை நேரில் கண்டிருந்த ஜெர்மன் பொறியாளர் கியோர்க் கீபர்ட் 1862இல் லீபிக்கை அணுகினார். உருகுவே நாட்டின் ஃப்ரே பெண்டோஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் ஆலை எழுந்தது. 1865இல் லண்டனில் லீபிக் கம்பெனி பதிவாயிற்று. தோலுக்காக வெட்டிய மாடு ஐரோப்பிய ஏழையின் சூப்பாகும் என்பது விளம்பரமாக மட்டும் சொல்லப்பட்டதல்ல; லீபிக் அதை மனதார நம்பினார்.

அந்த நம்பிக்கை சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. களிம்பில் புரதம் மிகக் குறைவு, அது உணவுக்கு ஈடாகாது என்று மற்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கம்பெனி சளைக்கவில்லை. சத்து என்ற வாதம் பின்னுக்குப் போக, சமையலில் நேரம் மிச்சம் என்ற வாதம் முன்னுக்கு வந்தது. ஜெர்மனியின் பெயர்பெற்ற சமையல் நூலாசிரியர் ஹென்ரியட்டே டாவிடிஸ், லீபிக் களிம்பை மையமாக வைத்து 1870இல் ஒரு சமையல் நூலே எழுதினார். இல்லத்தரசிகள் நம்பி வாங்கும் பெயர் ஒன்று ஆலைப் பண்டத்துக்குத் துணை நின்றது. கடைச் சாறு வீட்டுக்குள் நுழைந்ததில் வேதியியலின் பங்கைவிட இந்த நம்பிக்கையின் பங்கு பெரிது என்றே சொல்ல வேண்டும். ஃப்ரே பெண்டோஸ் ஆலை 1979இல் மூடப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தின் மாவு ஆலை ஒன்றில் நிகழ்ந்தது. ஆலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, குடும்பங்கள் சத்தின்றி வாடுகின்றன என்று மருத்துவரும் தொழிற்சாலை ஆய்வாளருமான ஃப்ரிடோலின் ஷூலர் 1880களில் எடுத்துரைத்தார். கெம்ப்தால் ஊரின் ஆலை உரிமையாளர் யூலியுஸ் மேகி பட்டாணி, பயறு மாவுகளில் விரைவில் வேகும் சூப் செய்து விற்க முன்வந்தார். 1886இல் அவர் கொண்டுவந்த கறுப்புத் திரவச் சுவையூட்டிதான் சாற்றின் போக்கையே மாற்றியது. அதில் இறைச்சியே இல்லை. தாவரப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்து அமினோ அமிலங்களாக உடைத்து, மிஞ்சிய அமிலத்தைச் சோடாவால் சமன் செய்தார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடாவும் சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு உண்டாகும். அதாவது, இவ்வகைச் சுவையூட்டியில் உப்பின் ஒரு பகுதி யாரும் அள்ளிப் போட்டதல்ல, செய்முறையிலேயே பிறப்பது. 1908இல் மேகியின் சூப் கட்டி வந்தது. லீபிக் கம்பெனி தன் ஆக்ஸோ கட்டியை 1910இல் இறக்கியது. க்னோர் 1912இல் சேர்ந்துகொண்டது.

பிரான்சில் மேகியின் கட்டிக்குக் ‘குப்’ என்று பெயர். அதன் விளம்பரம் சுவர்தோறும் இருந்ததால், 1912இல் பிக்காசோ வரைந்த நகரக் காட்சி ஒன்றில்கூட அந்த எழுத்துகள் தெரிகின்றன. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, அந்தப் பலகைகளில் ஜெர்மன் படைக்கு இரகசியக் குறிப்புகள் இருப்பதாக வதந்தி பரவி, அவற்றைப் பிய்த்தெறிந்தார்கள். பிறகு கட்டி மட்டும் பிரெஞ்சு வீடுகளில் தங்கிவிட்டது.

மேகியின் கட்டி வந்த அதே ஆண்டுகளில் தோக்கியோவில் வேதியியல் பேராசிரியர் இகேடா கிகுனாயே வேறொரு சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜப்பானியரின் தாஷி, கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியையும், புகையிட்டு உலர்த்திச் சீவிய சூரை மீனையும் சில நிமிடங்களே நீரில் இட்டு எடுப்பது. எலும்பு இல்லை, ஜெலட்டினும் இல்லை, முழுக்கச் சுவை. கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் என்று 1908இல் அவர் கண்டறிந்தார். மறு ஆண்டே அதன் சோடிய உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. மேகியின் திரவத்தில் புரதம் உடைந்து கிடைப்பவற்றில் முக்கியமானதும் இதே குளுட்டமேட்தான். இரு கண்டங்களில், ஒருவரையொருவர் சாராமல், சாற்றிலிருந்து சுவை மட்டும் தனியே எடுத்துப் பொட்டலமாகிவிட்டது.

உயர்ந்த சமையற்கலைஞர்கள் இதை எதிர்த்தார்கள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதல்ல. 1903இல் வந்த தம் பெரும் கையேட்டில் ஸ்டாக்கையே சமையலின் அடிப்படையாக நிறுவிய ஒகுஸ்த் எஸ்கோஃபியே, யூலியுஸ் மேகியோடும் சேர்ந்து பணியாற்றியவர். ஓட்டலுக்குப் பானையும் ஆளும் உண்டு, வீட்டுக்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அமெரிக்காவில் கேம்பெல் கம்பெனியின் வேதியியலாளர் ஜான் டோரன்ஸ் 1897இல் அடர் சூப்பை டின்னில் அடைத்தார். பின்னர் தெளிந்த சாறும் டின்னிலும், அதற்குப் பின் அட்டைப் பெட்டியிலும் வந்தது.

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண சூப் கட்டியின் எடையில் ஏறக்குறையப் பாதி உப்பு. அரை லிட்டர் நீரில் கரைக்கும் 10 கிராம் கட்டி ஒன்றில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த 5 கிராம் வரம்பையொட்டிய உப்பு அடங்கியிருக்கும். எஞ்சியது பெரும்பாலும் கொழுப்பு, குளுட்டமேட், ஈஸ்ட் சாறு, சர்க்கரை, மாவு. இறைச்சியின் பங்கு சொற்பம். பெட்டியில் வரும் சாறு இதைவிட மேல் என்றாலும் நீர்த்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுகோல்படி, மாட்டிறைச்சிச் சாறு என்று பெயரிட, புரதத்தைப் போல் சுமார் 135 மடங்குவரை நீர் இருக்கலாம். நூறு மில்லியில் ஒரு கிராம் புரதம்கூட இல்லாமலே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்று பொருள்.

சமைப்பவருக்கு இந்த வேறுபாடு நாக்கில் தெரிவதற்கு முன் வாணலியில் தெரியும். உப்பில்லாத வீட்டுச் சாற்றைப் பத்தில் ஒரு பங்காக வற்றவைத்தாலும் பளபளப்பான கெட்டிச் சாஸ்தான் வரும். ஜெலட்டின் அதைத் தாங்கும். கட்டிச் சாற்றைப் பாதியாக வற்றவைத்தாலே வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். மாவு கரைத்து ஊற்றாமல் கெட்டிப்படவும் செய்யாது. நாலு காய், அரிசி, மசாலா போட்டுக் கொதிக்கும் சூப்புக்குக் கட்டி போதும். சாறே முன்னிற்கும் தெளிந்த சூப்புக்கும், வற்றவைக்கும் சாஸுக்கும் அது ஈடாகாது. இதை உணர்ந்த உற்பத்தியாளர்கள் இப்போது சிறு கிண்ணங்களில் ஜெல்லிபோல் தளும்பும் சாற்றை விற்கிறார்கள். அவற்றில் பலவற்றைத் தளும்பவைப்பது எலும்பின் ஜெலட்டின் அல்ல. சாந்தன் பசை போன்ற தாவர, நுண்ணுயிர்ப் பசைகள்.

2014இல் நியூயார்க்கில் சமையற்கலைஞர் மார்கோ கனோரா எலும்புச் சாற்றைக் காகிதக் கோப்பையில் காபிபோல் விற்கும் கடை திறந்தபின், நெடுநேரம் காய்ச்சிய சாறு மறுபடி நாகரிகமாயிற்று. அதற்குச் சொல்லப்பட்ட மருத்துவக் குணங்களில் பல நிறுவப்படாதவை. ஆனாலும் வீட்டில் காய்ச்சுவதைத் தடுத்த பழைய காரணங்கள் உண்மையிலேயே குறைந்துள்ளன. பிரஷர் குக்கரில் கோழி எலும்பு ஒரு மணி நேரத்தில் சாறு தரும். மிஞ்சிய எலும்பை உறைபெட்டியில் சேர்த்து வைக்கலாம். வடித்த சாற்றை வற்றவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டால், கம்பளித் துணியில் உலர்த்தும் பாடில்லாமலே மாதக்கணக்கில் இருக்கும்.