சுமந்து கடந்த கப்பல்

கடற்போர் வரலாறுகளைப் படிக்கையில் நம் கண்கள் பீரங்கிகளின் மீதே நிலைத்துவிடுகின்றன. அந்தப் போர்க்கப்பல்களின் உலைகளுக்குக் கரி கொண்டுபோன கலங்கள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. சார்லஸ் ஃபெல்ப்ஸ் அப்படி ஒதுங்கிய ஒரு கப்பல்.

1840களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்டர்லி என்னும் ஊரில் திமிங்கில வேட்டைக்கென்றே கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் அது. ஆண்டுக்கணக்கில் கடலில் திரிந்து, எண்ணெய்ப் பீப்பாய்களை நிறைத்துத் திரும்புவதற்கேற்ற அகன்ற வயிறு கொண்டது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடும்படி லிங்கன் ஆணையிட்டார். முற்றுகையில் நின்ற நீராவிக் கப்பல்களோ ஓயாமல் கரி தின்றன. கரிக்காக அவை வடக்கே திரும்பும்போதெல்லாம் முற்றுகையில் ஓட்டை விழும். ஆகவே கரி அவற்றைத் தேடிச் சென்றாக வேண்டியிருந்தது. கடற்படை சார்லஸ் ஃபெல்ப்ஸை வாங்கிக் கரிக்கப்பலாக்கியது. பாய்மரங்களின் காலத்தை முடித்துவைக்கவிருந்த நீராவிக்குப் பாய்மரக் கப்பலே இரை சுமந்தது.

அதே ஆண்டில் வேறு பல பழைய வேட்டைக் கப்பல்களையும் கடற்படை வாங்கியது. அவற்றில் கற்களை நிரப்பிச் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மூழ்கடித்தது. வேட்டையைத் தொடர்ந்த கப்பல்களையும் போர் விட்டுவைக்கவில்லை. தளபதி லீ சரணடைந்து இரண்டு மாதங்களுக்குப் பின், 1865 ஜூனில், தென்தரப்பின் ஷெனண்டோவா பெரிங் கடற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட வேட்டைக் கப்பல்களைப் பிடித்து, பெரும்பாலானவற்றைத் தீயிட்டது. கரி சுமந்த கப்பலோ தப்பிப் பிழைத்தது.

போருக்குப் பின் விற்கப்பட்டு, 'புரோக்ரஸ்' என்ற புதுப்பெயருடன் அது மீண்டும் வேட்டைக்குப் போயிற்று. 1871 செப்டம்பரில் அலாஸ்காவின் வடமேற்குக் கரையோரம் 33 கப்பல்கள் பனிக்கட்டிகளிடையே சிக்கிக் கைவிடப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட 1,219 பேர் திறந்த படகுகளில் தெற்கே வந்தனர். பனிக்கு வெளியே நின்ற ஏழு கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. புரோக்ரஸில் மட்டும் 221 பேர். ஓர் உயிரும் போகவில்லை.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது வேட்டைக் கப்பலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிறகு கடலுக்குத் திரும்பவே இல்லை. உப்பில்லாத ஏரிநீரின் ஓரத்தில் கேட்பாரற்றுச் சிதைந்தது. மக்கள் காசு கொடுத்துப் பார்த்தது எறியீட்டிகளை. கரியையும் மனிதரையும் சுமந்த வயிறு அதே தளத்தின் கீழேதான் இருந்தது. நாம் எழுதிவைக்க விரும்புவது அதைப் பற்றித்தான்.